கையொப்பமும் உரிமையும்

பிழைப்பின் பொருட்டுத் தமிழகம் விட்டுக் கொல்கத்தா வந்து சேர்ந்த நம்மவருள், வேலை ஒப்பந்தத்தைப் படியாமலே கையொப்பமிடுவோர் பலர். "ஒப்பமிட்டுவிட்டோம், இனிப் பேச வாயில்லை" என்று பின்னர் அஞ்சுவதும் உண்டு. அவ்வச்சம் முழுதும் சரிதானா என்பதை இந்நகரின் வரலாற்றைக் கொண்டே ஆராய்வோம்.

அஞ்சுவதற்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. கல்கத்தா வணிகர் வேண்டுகோளின்படி, 1859-ஆம் ஆண்டில் ஒப்பந்த மீறல் சட்டம் பிறந்தது. முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டகன்றால், பணத்தைத் திருப்பித் தருமாறோ வேலையை முடிக்குமாறோ நீதிபதி பணிப்பார். பணியாதவனுக்கு மூன்று மாதம் வரை கடுங்காவல். கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்கென முதலில் இயற்றப்பட்ட இச்சட்டத்தை நீக்க 1925-ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

இனி, இதே நகரில் எழுந்த வேறொரு வழக்கைக் காண்போம். மத்திய உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக் கழகம் என்னும் அரசு நிறுவனம் இங்கே இயங்கிவந்தது. மூன்று மாத முன்னறிவிப்போ அதற்குரிய சம்பளமோ கொடுத்து, நிரந்தர ஊழியர் எவரையும் காரணம் கூறாமல் நீக்கலாம் என்பது அதன் விதி. 1983-இல் அவ்வாறு நீக்கப்பெற்ற அதிகாரி ஒருவர் கல்கத்தா உயர்நீதிமன்றத்தை நாடினார். வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 1986 ஏப்ரல் 6-இல் அவ்விதி செல்லாது என்று தீர்ப்பாயிற்று. பேரம் பேசும் வலிமையற்றவன் வேறு வழியின்றி இசைந்த அநியாய நிபந்தனை பொதுக் கொள்கைக்கு முரணானது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி அது செல்லாது என்பதே தீர்ப்பின் சாரம்.

ஆயின், கையொப்பத்திற்கு மதிப்பே இல்லை என்று கருதிவிடலாகாது. மூன்றாண்டு முடியுமுன் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் தரவேண்டும் என்ற பொதுத்துறை வங்கி ஒன்றின் நிபந்தனையை, 2025 மே மாதத்தில் அதே உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆளைத் தேர்ந்தெடுக்கச் செலவிடும் முதலாளிக்கும் உரிமை உண்டல்லவா? ஆனால், வேலையை விட்ட பின்னரும் அதே தொழிலை வேறெங்கும் செய்யலாகாது என்று தடுக்கும் நிபந்தனை, ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லுபடியாகாது.

ஆகவே நாம் செய்யத்தக்கது யாது? 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், நியமனக் கடிதம் தருவதை முதலாளியின் கடமையாக்கியுள்ளன. அதைக் கேட்டுப் பெறுவோம். சம்பளம், முன்னறிவிப்புக் காலம், விலகினால் செலுத்தவேண்டிய தொகை ஆகிய மூன்றையும் அதில் தேடிப் பார்ப்போம். ஆங்கிலம் விளங்காவிடில், விளங்கியவரைக் கொண்டு படிக்கச் செய்வோம். படி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வோம். நீதிமன்றம் நியாயம் வழங்கும்; ஆனால் அதற்கு ஆண்டுகள் செல்லும். கையொப்பத்திற்கு முன் செலவிடும் அரைமணி நேரம் அவ்வாண்டுகளை மிச்சப்படுத்தும்.