தரையும் உடல்நலமும்

வீடு என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் சுவரும் கூரையும் வாயிலும் தோன்றுகின்றன. தரையை நாம் நினைப்பதில்லை. ஆனால் வீட்டில் மிகச் சிறியவர் எவரோ, அவருக்குத் தரையே உலகம். தவழும் குழந்தை தரையில் உறங்குகிறது, தரையில் விளையாடுகிறது, கையில் அகப்பட்டதை வாயில் இடுகிறது. ஆகவே, ஏழை வீட்டின் மண் தரையைப் பற்றி இன்று உங்களிடம் சில சொல்ல விரும்புகிறேன்.

மாணவ நண்பர்களே! பள்ளியில் உங்களுக்குக் குடற்புழு நீக்கும் மாத்திரை கொடுத்திருப்பார்கள். 2015-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் இதற்கென்றே நாள் குறித்து வழங்கி வருகிறார்கள். அம்மாத்திரை வயிற்றிலுள்ள புழுவை ஒழிக்கிறது. மண்ணிலுள்ள முட்டையை ஒழிப்பதில்லை. மலத்தோடு வெளிப்படும் உருளைப்புழுவின் முட்டைகள் ஈர மண்ணில் மாதக்கணக்காக, ஏன், ஆண்டுக்கணக்காகவும் உயிரோடிருக்கும். நடப்பவர் காலோடு ஒட்டிக்கொண்டு அவை வீட்டுக்குள்ளும் வருகின்றன. கொக்கிப்புழுவின் இளம்புழுவோ வெறுங்காலின் தோலைத் துளைத்தே உடலுள் புகுந்துவிடும். பின்னர்க் குடலைப் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். குழந்தை வெளுக்கிறது, சோர்கிறது, பாடத்தில் மனம் செல்வதில்லை. சோம்பேறி என்று நாம் ஏசுகிறோம்!

சாணமிட்டு மெழுகி, மண் தரையைக் கண்போல் பேணும் தாய்மாரை நான் அறிவேன். அவர்கள் உழைப்பில் குறையில்லை. ஆனால் எவ்வளவு பெருக்கினாலும் அடியில் இருப்பது மண்தானே! மாத்திரை விரட்டிய புழுவைத் தரை திரும்ப அழைத்துவிடுகிறது.

இதற்கு ஒரு வழி கண்ட ஊரைப் பற்றிக் கூறுகிறேன். மெக்சிகோ நாட்டின் வடபகுதியில், கோவாவீலா மாநிலத்தில், டொர்ரியோன் என்ற நகரம் இருக்கிறது. அதை ஒட்டியே கோமெஸ் பலாசியோ, லெர்டோ என்னும் இரு நகரங்கள். ஆனால் இவை துராங்கோ மாநிலத்தைச் சேர்ந்தவை. 2000-ஆம் ஆண்டில் கோவாவீலா அரசு ‘உறுதியான தரை’ என்று பொருள்படும் ‘பீசோ ஃபிர்மே’ திட்டத்தைத் தொடங்கிற்று. மண் தரை வீடுகளுக்கு 50 சதுர மீட்டர் வரை சிமெண்டுக் கலவை இலவசம். லாரி கலவையைக் கொண்டுவந்து கொட்டும். சாமான்களை அகற்றித் தரையைச் சமன் செய்து வைப்பதும், கலவையைப் பரப்புவதும் குடும்பத்தார் பொறுப்பு. ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 150 டாலர் செலவாயிற்று.

2005-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் எல்லைக்கு இருபுறமுமுள்ள ஏழை வீடுகளை ஒப்பிட்டு, முடிவுகளை 2009-இல் வெளியிட்டனர். மண் தரை முழுவதும் சிமெண்டாக மாறினால், சிறு குழந்தைகளிடையே புழுத்தொல்லை நூற்றுக்கு 78 பங்கும், வயிற்றுப்போக்கு 49 பங்கும், இரத்தசோகை 81 பங்கும் குறையும் என்று கணித்தனர். குழந்தைகளின் அறிவு வளர்ச்சியும் மேம்பட்டிருந்தது. தாய்மாரின் மனச்சோர்வும் தணிந்திருந்தது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். இக்குடும்பங்களின் வருமானம் உயரவில்லை. மாறியது தரை ஒன்றே. “முதலில் வறுமை நீங்கட்டும், நோய் தானே நீங்கும்” என்று கூறுவோர் உண்டு. வறுமை நீங்கும் நாள்வரை தவழும் குழந்தை காத்திருக்க முடியுமா? அதற்குள் அதன் குழந்தைப் பருவமே கழிந்துவிடும் அல்லவா?

தரை மட்டும் போதும் என்று நான் கூறவில்லை. கழிப்பிடமும் நல்ல நீரும் காலணியும் வேண்டும், மாத்திரையும் வேண்டும். ஆனால் நோயைத் தேடும்போது நோயாளியின் உடலோடு நின்றுவிடாமல், அவர் வாழும் வீட்டையும் பார்க்க வேண்டும்.

உங்களில் சிலர் நாளை மருத்துவர் ஆவீர்கள்; சிலர் பொறியாளர் ஆவீர்கள். வெளுத்த முகத்தோடு ஒரு குழந்தை உங்கள்முன் வந்து நின்றால், மருந்துச் சீட்டை எழுதுமுன் அதன் தாயிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “அம்மா, உங்கள் வீட்டுத் தரை எப்படிப்பட்டது?” வீட்டுக்கு வரைபடம் இடுவோரும் அக்குழந்தையை நினைத்துக்கொண்டு, தரையிலிருந்து தொடங்குங்கள்.