பேராசிரியர் எழுதிய புஸ்தகம்

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக் கொண்டிருக்கும் விஷயம், பேராசிரியர்கள் ஆராய்ச்சிப் புஸ்தகம் எழுதுவது பற்றியதாகும். நெசவு செய்கிறவர்களும், கடை வைத்திருக்கிறவர்களும், ஏர் பிடிக்கிறவர்களும் கூடியிருக்கிற இந்தக் கூட்டத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். விளம்பரத்தைப் படிக்கும்போது தலைவர் அவர்களே கொஞ்சம் சிரித்துக் கொண்டார்கள். ஆனால் ஒரு விஷயம். படித்தவர்கள் எழுதி வைத்த புஸ்தகங்களை நம்பித்தான் நாம் பிள்ளை பெறுவது முதல் பிணத்தைப் புதைப்பது வரை சகல காரியங்களையும் செய்து வருகிறோம். எழுதினவர் கண்ணால் பார்த்து எழுதினாரா, காதால் கேட்டு எழுதினாரா, அல்லது முன்னே ஒருவன் எழுதியதைப் பார்த்து நகல் எடுத்தாரா என்று விசாரிக்க நமக்குப் பாத்தியதை உண்டா, இல்லையா? அந்த விசாரணைக்காக ஒரே ஒரு பேராசிரியரையும், அவர் எழுதிய ஒரே ஒரு புஸ்தகத்தையும் இன்று எடுத்துக் கொள்ளுகிறோம்.

அவர் பெயர் அந்திரேயாஸ் வெசாலியஸ். 1514-ம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் பிறந்தவர். பாரிஸ் பட்டணத்தில் வைத்தியம் படித்து, பிறகு இத்தாலி தேசத்தில் பாதுவா என்னும் ஊரில் 1537-ல் பட்டம் வாங்கினார். பட்டம் வாங்கிய மறுநாளே அந்தச் சர்வகலாசாலையிலேயே ரண வைத்தியத்துக்கும், உடல் அறுத்துப் பார்க்கும் சாஸ்திரத்துக்கும் ஆசிரியரானார். அப்போது அவருக்கு 23 வயது கூட நிரம்பவில்லை.

அந்தக் காலத்தில் வைத்தியம் சொல்லிக் கொடுத்த லட்சணத்தைக் கொஞ்சம் கேளுங்கள். ஆசிரியர் என்பவர் உயரமான ஒரு பீடத்தில் ஏறி உட்கார்ந்து கொள்ளுவார். கையில் ஒரு பழைய புஸ்தகம். அதை லத்தீன் பாஷையில் ராகம் போட்டு வாசிப்பார். கீழே மேஜை மேல் பிரேதம் கிடக்கும். அதைத் தொட்டு அறுப்பவர் ஒரு நாவிதர். அவருக்கு லத்தீன் தெரியாது. மேலே வாசிக்கிறவருக்கோ கத்தி பிடிக்கத் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒருவர் கோலை வைத்துக் கொண்டு, இதுதான் அது, அதுதான் இது என்று சுட்டிக் காட்டுவார். புஸ்தகத்தில் உள்ளது உடம்பில் இல்லாவிட்டால் என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வாசிக்கிறவர் பார்ப்பதில்லை; பார்க்கிறவர் வாசிப்பதில்லை. ஆகவே சண்டைக்கே இடமில்லை.

நம் நாட்டிலும் கத்தி பிடித்து ரணம் ஆற்றியவர்களும், பிரசவம் பார்த்தவர்களும் நாவிதக் குடும்பத்துத் தோழர்களும் தாய்மார்களும்தான் என்பது உங்களுக்குத் தெரியும். மருத்துவர், மருத்துவச்சி என்ற பெயரே அவர்களுக்கு வழங்கி வந்தது. பெயர் பெரிய பெயர்தான்; ஆனால் உட்காரத் திண்ணை கிடையாது. சுசுருதர் பேரால் வழங்கும் வைத்திய நூலில், பிரேதத்தை ஏழு நாள் நீரில் ஊற வைத்து, மெல்ல மெல்லச் சுரண்டி, உள்ளே இருப்பதைக் கண்ணாலே பார்க்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. எழுதி என்ன? பிணத்தைத் தொட்டால் தீட்டு என்ற எண்ணம் மேலே ஏறிக் கொண்ட பிறகு, புஸ்தகம் மிஞ்சிற்று, கை போய்விட்டது. கல்கத்தா வைத்தியக் கல்லூரியில் மதுசூதன் குப்தா என்பவர் பிரேதத்தில் கத்தி வைத்தபோது வருஷம் 1836. நிற்க.

பீடத்தில் உட்கார்ந்து வாசித்த அந்தப் பழைய புஸ்தகம் யாருடையது என்றால், கேலன் என்ற கிரேக்க வைத்தியருடையது. அவர் இருந்தது வெசாலியஸுக்குச் சுமார் 1,300 வருஷங்களுக்கு முன். கெட்டிக்காரர், மற்போர்க்காரர்களின் காயங்களுக்கு வைத்தியம் செய்து பழகியவர். அவரை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் காலத்து ரோமாபுரியில் மனிதப் பிரேதத்தை அறுக்கும் வழக்கமில்லாததால், குரங்கையும், பன்றியையும், மாட்டையும் அறுத்துப் பார்த்து, மனிதனுக்கும் இப்படித்தான் இருக்கும் என்று எழுதி வைத்தார். பின்னால் வந்தவர்கள் அதையே பிரமாணமாகக் கொண்டார்கள். குரங்கின் எலும்பு 1,300 வருஷ காலம் மனிதனின் எலும்பாக விளங்கிற்று.

வெசாலியஸும் முதலில் இந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். இதை நாம் மறைக்கக் கூடாது. 1538-ல் அவர் வெளியிட்ட ஆறு படத் தாள்களில் மனிதனின் ஈரலுக்கு ஐந்து மடல் போட்டிருந்தார். மனிதனுக்கு அப்படிக் கிடையாது. மூளைக்கு அடியில் ஒரு அற்புதமான ரத்தக் குழாய் வலை இருப்பதாகக் கேலன் சொல்லியிருந்தார். ஆட்டுக்கும் மாட்டுக்கும் அது உண்டு, மனிதனுக்கு இல்லை. வெசாலியஸ் அதையும் படத்தில் வரைந்து வைத்தார். அதோடும் நிற்கவில்லை. மாணவர்களுக்கு மனிதத் தலையை அறுத்துக் காட்டும்போது அந்த வலை அகப்படாதே, என்ன செய்வது? ஒரு ஆட்டுத் தலையையோ மாட்டுத் தலையையோ பக்கத்தில் தயாராக வைத்துக் கொண்டு, அதில் உள்ளதைக் காட்டிவிடுவார்!

இந்தச் சங்கதி நமக்கு எப்படித் தெரியும்? எதிரிகள் யாராவது கண்டுபிடித்துச் சொன்னார்களா? இல்லை. அவரே தம்முடைய பெரிய புஸ்தகத்தில், நான் இப்படியெல்லாம் செய்து வந்தேன், என் மடமையை நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது என்ற கருத்துப்பட எழுதிவிட்டார். தோழர்களே! கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பெரிய சர்வகலாசாலையில் உத்தியோகம். சக்கரவர்த்திக்குச் சமர்ப்பணம் செய்யும் புஸ்தகம். அதில் போய், நான் ஆட்டுத் தலையைக் காட்டி மாணவர்களை ஏமாற்றினேன் என்று எழுதுவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! நம் ஊர்ப் புராணப் பிரசங்கி எவராவது, போன வருஷம் நான் சொன்னது தப்பு என்று மேடையில் சொன்னதை நீங்கள் கேட்டதுண்டா?

அவர் மாறியது எப்படியென்றால், கையால் தொட்டதனால்தான். லூவேன் என்ற ஊரில் இருந்தபோதே, 1536-ல், ஊருக்கு வெளியே தூக்கு மரத்தில் காய்ந்து தொங்கிய ஒருவனின் எலும்புகளைத் திருட்டுத்தனமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர். பாதுவாவில் அவர் நாவிதரை விலக்கிவிட்டுத் தாமே கத்தி எடுத்தார். மரண தண்டனை அடைந்த குற்றவாளிகளின் பிரேதங்கள் அவருக்குக் கிடைக்கலாயின. 1540-ல் பொலோனா நகரத்தில் குர்த்தி என்ற மூத்த ஆசிரியர் புஸ்தகத்திலிருந்து பிரசங்கம் செய்ய, இவர் பிரேதத்தை அறுத்துக் காட்டினார். மாணவர்கள் எதிரிலேயே இரண்டு பேருக்கும் வாக்குவாதம். அவர் கேலனைக் காட்டினார். இவர் உடம்பைக் காட்டினார். அங்கே ஒரு குரங்கின் எலும்புக் கூட்டையும் மனிதனின் எலும்புக் கூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கேலன் சொல்லியிருந்த ஒரு முதுகெலும்பு முனை குரங்கிடம் இருந்தது, மனிதனிடம் இல்லை. அந்தக் கூட்டத்தில் இருந்த ஹேஸ்லர் என்ற ஜெர்மானிய மாணவர் எழுதி வைத்த குறிப்புகள் இன்றும் இருக்கின்றன.

அதன் பிறகுதான் புஸ்தகம் எழுத உட்கார்ந்தார். மனித உடம்பின் அமைப்பைப் பற்றி ஏழு பாகம். 700 பக்கத்துக்குக் கிட்டத்தட்ட. 200-க்கு மேற்பட்ட படங்கள். எழுதுவதில் பட்ட கஷ்டத்தைவிடப் படம் போடுகிறவர்களிடமும், மரக்கட்டை செதுக்குகிறவர்களிடமும் அவர் பட்ட கஷ்டம் அதிகம். அறுபடும் பிரேதங்களைவிடத் தம் நிலைமை மோசமாயிருந்தது என்ற மாதிரி பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். செதுக்கிய கட்டைகளையெல்லாம் மூட்டை கட்டி வியாபாரிகள் மூலமாக ஆல்ப்ஸ் மலையைக் கடத்தி, சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்து ஒப்போரினஸ் அச்சுக்கூடத்துக்கு அனுப்பினார். எப்படி அச்சிட வேண்டும் என்று ஒரு நீண்ட கடிதமும் கூடவே போயிற்று. அதிலும் திருப்தியில்லாமல் தாமே பாசலுக்குப் போய், அச்சு வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். 1543-ல் புஸ்தகம் வெளிவந்தது. அவருக்கு வயது 28. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன கோப்பர்நிக்கஸின் புஸ்தகமும் அதே வருஷத்தில்தான் வந்தது.

அந்தப் புஸ்தகத்தின் யோக்கியதை எதில் இருக்கிறதென்றால், பக்கத்தின் ஓரத்தில் இருக்கிறது என்போம். படத்தில் ஒவ்வொரு எலும்பின் மேலும், நரம்பின் மேலும் ஒரு சின்ன எழுத்துப் போட்டிருக்கும். வாசகத்தில் அந்த எலும்பைப் பற்றிப் பேசும்போது, இன்ன படத்தில் இன்ன எழுத்தைப் பார் என்று ஓரத்தில் குறிப்பு இருக்கும். எந்தக் கத்தியால், எந்த இடத்தில் ஆரம்பித்து, எப்படி அறுத்தால் இது தெரியும் என்றும் சொல்லியிருக்கும். அறுக்கும் கருவிகளுக்கே தனியாக ஒரு படம். அதாவது, என்னை நம்பாதே, நீயே அறுத்துப் பார் என்று வழியும் சொல்லி ஆயுதமும் காட்டுகிறார். கீழ் தாடை எலும்பு இரண்டு என்றார் கேலன். ஒன்றே என்றார் இவர். மார்பெலும்புக்கு ஏழு துண்டு என்றார் அவர். மூன்று என்றார் இவர். இன்றைக்கும் எண்ணிப் பார்த்துக் கொள்ளலாம்.

விலா எலும்பு விஷயம் வேடிக்கையானது. ஆதாமின் விலா எலும்பிலிருந்து ஏவாளைச் செய்ததால், ஆணுக்கு ஒரு எலும்பு குறைச்சல் என்று அந்த நாட்டு ஜனங்கள் நம்பி வந்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் பக்கத்துக்குப் பன்னிரண்டு, எல்லாம் ஒன்றுதான் என்று வெசாலியஸ் எழுதினார். எண்ணுவதற்கு என்ன வைத்திய சாஸ்திரம் வேண்டும்? சட்டையைக் கழற்றி விரலால் தடவினால் போதும். ஆனாலும் தடவவில்லை! அப்படியே, இறந்தவர்கள் மறுபடி எழுந்திருப்பதற்கு வித்தாக உடம்பில் ஒரு அழியாத எலும்பு உண்டு என்றும் ஒரு கதை இருந்தது. அந்த இடத்தில் மட்டும் அவர், இதை மத சாஸ்திரிகளின் தர்க்கத்துக்கு விட்டுவிடுகிறேன் என்று நழுவிவிட்டார். பயம்தான். ஆளை உயிரோடு கொளுத்தும் காலத்தில் பயப்பட்டவரைப் பார்த்து இன்று நாம் கேலி செய்யத் தயாராயில்லை.

புஸ்தகம் வந்ததும் என்ன நடந்தது? பாரிசில் அவருக்குப் பாடம் சொன்ன குரு சில்வியஸ் என்பவர் வெகுண்டெழுந்தார். 1551-ல் அவர் வெளியிட்ட துண்டுப் புஸ்தகத்தில் சிஷ்யனின் பெயரையே லத்தீனில் பைத்தியக்காரன் என்று பொருள்படத் திரித்தார். இவனைத் தண்டிக்க வேண்டும் என்று சக்கரவர்த்திக்கும் விண்ணப்பம். எலும்பு கண்ணெதிரே கிடக்கிறதே, அதற்கு என்ன பதில் என்றால், கேலன் தப்புச் சொல்லவில்லை, கேலன் காலத்துக்குப் பிறகு மனித உடம்புதான் கெட்டு மாறிவிட்டது என்றார்! புஸ்தகம் தப்பாது, உடம்புதான் தப்பிற்று என்கிற இந்த நியாயம் உங்களுக்குப் புதிதாயிருக்காது.

இந்த எதிர்ப்பு வளரத் தொடங்கியபோதே வெசாலியஸ் மனம் கசந்து, உத்தியோகத்தை விட்டு, ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்தியின் அரண்மனை வைத்தியராகப் போய்விட்டார். போகும்போது கையிலிருந்த பல குறிப்புகளையும் எழுத்துப் பிரதிகளையும் நெருப்பில் போட்டுவிட்டார். சம்பாதிக்கப் போனதை நாம் தப்பென்று சொல்லவில்லை. எரித்தது தப்பு. அவர் எழுதியது அவருக்கு மாத்திரம் சொந்தமானதல்ல.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். அந்தப் பெரிய புஸ்தகம் லத்தீனில் இருந்தது. விலையோ பணக்காரருக்குத்தான் கட்டும். கத்தி பிடித்த நாவிதத் தோழர் அதைத் தொட்டிருக்க முடியாது. அதற்காகவோ என்னவோ, அதே வருஷத்தில் மாணவர்களுக்காக ஒரு சுருக்கத்தையும் வெளியிட்டார். அந்தச் சுருக்கம் அந்த வருஷமே ஜெர்மன் பாஷையிலும் வந்தது. மற்ற பேராசிரியர்கள் இந்தச் சின்னக் காரியத்தைச் செய்வதில்லை. பத்துப் பேராசிரியர்கள் படிப்பதற்காக ஒரு பேராசிரியர் எழுதுகிறார். அந்தப் பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுப்பது நம்முடைய வரிப் பணம்.

நிற்க. இருதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் வழியாக ரத்தம் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குக் கசிகிறது என்பதும் கேலன் வாக்கு. 1543-ல் வெசாலியஸ் துவாரத்தைக் காணாமலே, கடவுளின் வேலைப்பாடு ஆச்சரியமானது என்று எழுதி ஒப்புக் கொண்டார். 1555-ல் வந்த இரண்டாம் பதிப்பில், ரத்தம் அப்படிக் கசியும் என்பதில் தமக்குச் சந்தேகம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அதே பாதுவாவில் படித்த ஹார்வி என்ற இங்கிலீஷ்காரர், ரத்தம் உடம்பைச் சுற்றி ஓடும் வகையை 1628-ல் எழுதி வெளியிட்டார்.

வெசாலியஸ் 1564-ல், ஜெருசலேம் யாத்திரை போய்த் திரும்பும் வழியில், கிரேக்க தேசத்து ஜாந்தே தீவில் இறந்து போனார். படம் செதுக்கிய மரக்கட்டைகள் ஜெர்மனியில் மூனிச் நகரத்தில் வெகுகாலம் பத்திரமாக இருந்து, 1934-ல் கூட அவற்றிலிருந்து படங்கள் அச்சாயின. பிறகு இரண்டாவது உலக யுத்தத்தில் குண்டு விழுந்து எரிந்தன. ஆனால் அவருடைய சொந்தப் பிரதி ஒன்று, அந்த 1555-ம் வருஷப் பதிப்பு, நம் காலத்தில் வெளிப்பட்டது. அதில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் அவர் தம் கையாலேயே அடித்தும், திருத்தியும், சேர்த்தும் எழுதியிருக்கிறார். வாக்கியம் நன்றாக இல்லாத இடம், படத்தில் எழுத்துத் தெளிவாக விழாத இடம், ஒன்றையும் விடவில்லை. மூன்றாம் பதிப்புக்காகச் செய்த வேலை. அந்தப் பதிப்பு வரவே இல்லை. 2024-ம் வருஷம் அந்தப் பிரதியை லூவேன் சர்வகலாசாலையார் ஏலத்தில் 20 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். அவர் தூக்கு மரத்து எலும்பைத் திருடிக் கொண்டு வந்த அதே ஊர்தான்.

நேரமாகிவிட்டது. இன்னும் இரண்டு தோழர்கள் பேச வேண்டியிருப்பதால் இத்துடன் நிறுத்திக் கொள்ளுகிறோம். விலா எலும்பை எண்ணிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வீட்டுக்குப் போய் எண்ணிக் கொள்ளலாம்.