கைத்தையலும் பிள்ளைகளின் பொறுமையும்

(ஜமாஅத் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பொறுமையாக இரு" என்று நம் பிள்ளைகளிடம் நாள்தோறும் சொல்லி வருகிறோம். ஆனால் பொறுமை தேவைப்படும் வேலை எதையேனும் அவர்கள் கையில் கொடுத்திருக்கிறோமா? கைபேசியில் விரல் பட்டவுடன் படம் ஓடுகிறது. பிடிக்கவில்லையெனில் அடுத்த நொடியே வேறொன்று வருகிறது. இப்படிப் பழகிய பிள்ளை, கணக்கு ஒருமுறை தவறினால் நோட்டை மூடி வைத்துவிடுவதில் வியப்பென்ன? 'ஸப்ர்' என்பதன் பொருளைக் கேட்டால் அவன் தவறாமல் சொல்வான். சொல் தெரிகிறது; பழக்கம்தான் இல்லை.

இதற்கு நாம் எடுத்துரைக்க விரும்புவது, பழந்துணிகளை அடுக்கிக் கையால் தைக்கும் போர்வை வேலையை. நைந்த சேலைகளை மடித்துத் தைத்துக் குழந்தைக்கு விரித்த பாட்டிமாரை நம்மில் பலர் கண்டிருப்போம். வங்காளத்தில் இதுவே பெருங்கலையாக வளர்ந்தது. அங்கு இதன் பெயர் 'காந்தா'. நாம் 'கந்தை' என்கிறோமே, அதற்கு உறவான சொல். பழஞ்சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே பூவும் கொடியும் தைத்தார்கள். குளிருக்குப் போர்வை, தொழுகை விரிப்பு, குர்ஆனைப் பொதிந்து வைக்கும் உறை எனப் பலவும் இவ்வாறு உருவாயின. பெரிய போர்வை முடிய மாதங்கள் பலவாகும். பாட்டி தொடங்கியதைப் பேத்தி முடித்ததும் உண்டு. கவிஞர் ஜசீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாட்' என்னும் கதைக் காவியத்தில், கணவனைப் பிரிந்த பெண் தன் வாழ்வு முழுவதையும் ஒரு போர்வையில் தைத்து வைக்கிறாள்.

பிள்ளைக்கு அவ்வளவு பெரிய வேலை வேண்டாம். ஓர் அடிச் சதுரம் போதும். வெளுத்த பருத்திச் சேலையில் மூன்று துண்டுகளை அடுக்கி, சுருக்கம் நீக்கி, நீண்ட தையல்களால் தற்காலிகமாகப் பிணைத்துக் கொடுங்கள். அரை அங்குலத்துக்கு ஒரு வரி வீதம் 24 வரிகள். அங்குலத்துக்கு 4 தையல் எனில் வரிக்கு 48. மொத்தம் 1,152 தையல்கள். நாளொன்றுக்கு இரண்டு வரி தைத்தால் 12 நாளில் முடியும். இந்தக் கணக்கைப் பிள்ளையே போட்டுப் பார்க்கட்டும்.

நூல் ஒரு முழத்துக்கு மிகலாகாது. அடிக்கடி ஊசி கோக்கச் சோம்பி நீளமாக எடுத்தால் அது சிக்கிக்கொள்ளும். சிக்கெடுக்கும் நேரத்தில் நான்கு முறை கோத்துவிடலாம். கோபத்தில் இழுத்தால் துணி சுருங்கும். அசட்டையாக விட்டால் தையல் தொங்கும். இவற்றை நாம் வாயால் சொல்ல வேண்டியதே இல்லை, துணி சொல்லிவிடும்.

கடினமான பங்கு பெற்றோருடையது. வரி கோணும்போது "கொடு, நான் தைத்துத் தருகிறேன்" என்று நம் கை நீளும். நீளக் கூடாது. பிரித்துத் தைப்பதா, அப்படியே விடுவதா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோர் ஊசி பிடிக்கையில் பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். முடித்தவுடன் ஊசியை எண்ணி எடுத்து வைக்க வேண்டும்.

ஆண்பிள்ளைக்கு எதற்குத் தையல் என்று சிலர் கேட்பார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்க, இக்கேள்விக்கு வேறு விடை தேவையில்லை.

வரும் கோடை விடுமுறையில் அஸருக்குப் பின் அரை மணி நேரம் மதரஸாக் கூடத்தில் இவ்வகுப்பு நடைபெறும். ஊசி, நூல் செலவு ஜமாஅத்தைச் சேர்ந்தது. துவைத்த பழைய பருத்திச் சேலை ஒன்றை மட்டும் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். செயற்கை இழைச் சேலை வேண்டாம், ஊசி வழுக்கும்.