வறிய வீட்டின் நன்றி

வறுமையைப் பாடிய புலவர் சங்க காலத்திற் பலர். சமையலை மறந்த அடுப்பிலே காளான் பூத்ததைப் பாடினார் பெருந்தலைச் சாத்தனார். எனினும், தம் வீட்டாரின் நிலையைச் சிறிதும் மறையாது வள்ளல்முன் எடுத்துரைத்தவருள் பெருஞ்சித்திரனார் தனித்து நிற்கின்றார். புறநானூற்றின் 159ஆம், 160ஆம் பாட்டுக்கள் அவர் இல்லத்தின் கதவைத் திறந்துவிடுகின்றன.

அங்கே கோலூன்றி நடக்கும் முதிய தாய், இன்னும் உயிர் போகவில்லையே என்று நொந்துகொள்கின்றாள். மனைவி, முன்பு கொய்த குப்பைக் கீரையில் மீண்டும் துளிர்த்த தளிரைப் பறித்து உப்பின்றி வேகவைக்கின்றாள், சோறுமில்லை, மோருமில்லை. உடுத்திருப்பது அழுக்கேறிய கந்தல். புதல்வனோ உணவில்லாத வீட்டை மறந்து வெளியே திரிகின்றான். வந்தால், கூழுமற்ற வெறும் பானையைத் திறந்து பார்த்து அழுகின்றான். தாய் புலி வருகிறதென்று அச்சுறுத்துகின்றாள், அம்புலியைக் காட்டுகின்றாள், தந்தையின்மேற் சினந்தால் முகம் எப்படியிருக்கும், காட்டு என்கின்றாள். பசித்த பிள்ளையை ஆற்ற அவளிடம் எஞ்சியிருந்தவை இவ்வளவே.

இத்தகைய வீட்டிலிருந்து வந்தவர், எது கிடைத்தாலும் போதுமென்று கைநீட்டுவார் என்றே எவரும் எண்ணுவர். பெருஞ்சித்திரனார் அப்படிப்பட்டவரல்லர். மனமின்றிக் கொடுத்தால் யானையும் வேண்டேன், மகிழ்ந்து கொடுத்தாற் குன்றிமணியளவும் கொள்வேன் என்று முதிரமலைத் தலைவன் குமணனிடமே கூறினார். அதியமான் தம்மைக் காணாமலே அனுப்பிய பரிசிலை, தாம் ஊதியத்துக்குப் பாடும் வணிகரல்லர் என்று மறுத்தவரும் அவரே. பசியின் நடுவே இது வீண் செருக்கன்றோ எனச் சிலர் வினவலாம். அன்று. தந்தவன் உள்ளத்தை அறிந்தாலன்றி நன்றி பாராட்ட இயலாதென்பது அவர் துணிபு.

குமணன் மகிழ்ந்தே கொடுத்தான். வளத்தோடு வீடு திரும்பிய புலவர் மனைவிக்குக் கூறியது 163ஆம் பாட்டு. கூரையைச் செப்பனிடு, நெல்லைச் சேமித்துவை என்று அவர் கூறவில்லை. உன்னை விரும்பி வாழ்வோருக்கும், நீ விரும்பி வாழ்வோருக்கும், கற்பிற் சிறந்த உன் சுற்றத்து மூத்த மகளிருக்கும் கொடு என்கின்றார். அடுத்து ஒருசாராரைக் குறிக்கின்றார். அவர்களே இப்பாட்டின் உயிர். குடும்பத்தின் கடும்பசி தீர, நெடுநாட் குறியெதிர்ப்பை தந்தவர்கள் அவர்கள். அளவு குறித்து வாங்கி, அதே அளவிலே திருப்பிக் கொடுக்கும் கைமாற்றுக்குக் குறியெதிர்ப்பை என்பது பழம்பெயர். திரும்பப் பெறக் கருதிக் கொடுப்பது ஈகையாகாதென்று 221ஆம் குறளில் வள்ளுவர் அதனைப் பிரித்துக் காட்டுவர். புலவரோ, அந்தக் கைமாற்றுத் தந்தவர்களையும் நன்றிக்குரியோர் வரிசையில் வைக்கின்றார். உப்பில்லாக் கீரை வெந்த நாட்களில் அவ்வீட்டின் அடுப்பை அணையாது காத்தவர்கள், குமணனுக்கு முன்னரே, அவர்களல்லவா?

அக்கடனை மனைவி வாங்கிய கடனென்றே பாட்டுச் சுட்டுகின்றது. புலவர் பரிசில் நாடி ஊரூராய் அலைந்த காலத்தில் அயல் வீடுகளின் வாயிலில் நின்றவள் அவள். யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்பது அவளுக்கே தெரியும். என்னைக் கேளாமற் கொடு என்று அவர் சொன்னது அதனாலே போலும்.

சேர்த்துவைத்து நன்றாக வாழ்வோம் என்றும் எண்ணாதே என்கின்றார். நாளைக்கு என்ன செய்வதென்று அவள் கேட்டாளோ, பாட்டில் இல்லை. இத்தனை பேரையும் சொல்லி, எல்லோருக்கும் கொடு என்று முடித்த பின்னரே, ஈற்றடியிலே, வளம் தந்த குமணனின் பெயர் வருகின்றது.