தச்சரின் மகன், தச்சர்

(வானொலி மறையுரை)



நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு போதித்தபோது ஊரார் வியந்து பேசினார்கள். அவர்களுடைய பேச்சில், மத்தேயு நற்செய்தியில் இயேசு தச்சருடைய மகன் (13:55). மாற்கு நற்செய்தியில் அவரே தச்சர் (6:3). மகன் எப்படித் தச்சரானார்? மகனுக்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொடுப்பது யூதத் தந்தையின் கடமை. புனித யோசேப்பின் அருகில் நின்று, மரத்தைப் பிடித்துக்கொடுத்து, உளி பிடிக்கப் பழகிய ஆண்டுகள் அந்த இரு சொற்களுக்கும் நடுவே இருக்கின்றன. அவற்றைப் பற்றி நற்செய்தியில் ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் அவை இறைமகன் தொழில் பழகிய ஆண்டுகள்.

நம் திருத்துறைப்பூண்டி பகுதியில் நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்டது. வயல் வேலையை நம்பியிருந்த வீட்டுப் பிள்ளைகள் ஐ.டி.ஐ.யில் சேர்ந்து பிட்டர், வெல்டர், எலக்ட்ரீசியன் என்று படிக்கிறார்கள். பிறகு ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் அப்ரண்டிஸாகப் பெட்டி கட்டுகிறார்கள். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி அவர்கள் பழகுநர்கள், தொழிலாளர்கள் அல்லர். கையில் கிடைப்பது உதவித்தொகை. பயிற்சி முடிந்ததும் அதே நிறுவனம் வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் பொதுவாக இல்லை. அந்தக் கலக்கத்தோடுதான் பிள்ளை நாளைத் தொடங்குகிறது.

பிட்டர் படிக்கும் பிள்ளைக்கு ஆரம்பப் பாடம் அரம் பிடிப்பது. இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி ராவிக்கொண்டே இருக்க வேண்டும். தோள் வலிக்கும், உள்ளங்கை கொப்பளிக்கும். ராவிய பரப்பின்மேல் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார்கள். நடுவில் ஒளி கசிந்தால் பரப்பு இன்னும் சமமாகவில்லை. மறுபடியும் ராவ வேண்டும். “இதற்காகவா வந்தோம்?” என்று மனம் சலிக்கும். அந்தத் துண்டை யாரும் விலைக்கு வாங்கப்போவதில்லை. ஆனால் அதை ராவி ராவித்தான் பிள்ளையின் கை தொழிலுக்குத் தயாராகிறது.

நமக்குத் தெரியாததா? பறித்து நட்ட நாற்று சில நாள் வாடி நிற்கும். வேர் பிடித்த பிறகே பச்சை கட்டும். நட்ட மூன்றாம் நாளே பயிர் போயிற்று என்று யாரும் வயலை உழுதுவிடுவதில்லை.

பொறுமை கற்பவருக்கு மட்டும் உரியதல்ல. இத்தாலியின் துரின் நகரில் புனித தொன் போஸ்கோ 1852 பிப்ரவரியில், ஒரு தச்சரிடம் தொழில் பழகச் சென்ற இளைஞனுக்காக ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமிட்டார். தவறு செய்தால் சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும். தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலை வாங்கக் கூடாது. ஞாயிறும் திருநாளும் ஓய்வு தர வேண்டும் என்று தச்சரிடம் வாக்கு வாங்கினார். அவருடைய சலேசியத் துறவியர் 1906-இல் இந்தியாவில் முதன்முதலாகக் காலூன்றிய இடம் நம் தஞ்சாவூர்.

ஆகவே பட்டறை வைத்திருப்பவர்களே, உங்களிடம் வரும் பிள்ளையை டீ வாங்கி வரும் எடுபிடியாகவே வைத்திருக்காதீர்கள். பத்துப் பேர் முன்னால் திட்டினால் கை திருந்தாது, மனம்தான் உடையும். பெற்றோர்களே, போனில் பேசும்போது “எவ்வளவு அனுப்புவாய்?” என்பதற்கு முன் “இன்று என்ன கற்றுக்கொண்டாய்?” என்று கேளுங்கள். பழகும் பிள்ளைகளே, ஒரே தவறுக்காக இரண்டாம் முறை கேட்க வெட்கப்படாதீர்கள். ஆனால் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆபத்தான வேலையைச் செய்யச் சொன்னால், பணிவோடும் உறுதியோடும் கேள்வி கேளுங்கள். பொறுமை என்பது கையையும் கண்ணையும் இழப்பதல்ல.

திருச்சபை மே 1-ஆம் நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவாகக் கொண்டாடுகிறது. இறைமகனுக்கே தொழில் கற்றுத்தந்த புனித யோசேப்பே, தொலைவில் தொழில் பழகும் எங்கள் பிள்ளைகளின் அருகில் நில்லும். அவர்களுக்குக் கற்றுத்தருவோருக்கு உம்முடைய பொறுமையைப் பெற்றுத்தாரும். ஆமென்.