ஆஸ்பத்திரியிற் கைத்தூய்மை
(அஸ்தம்பட்டியில் நம் சங்கத்தார் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சாவு வீட்டிற்குச் சென்று வந்தவர் நீராடாமல் வாயிற்படி மிதியாத குலம் நம்முடையது. அத்தகைய நாம் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே சென்றவுடன் ஆசாரத்தை எங்கோ வைத்துவிடுகின்றோம்.

வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் முற்காலத்தே இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. ஒன்றில் வைத்திய மாணாக்கரும் மற்றொன்றில் மருத்துவச்சியரும் பணி செய்தனர். முன்னதிற் பிரசவ ஜன்னியால் 100-க்குப் பத்தளவு தாய்மார் மாண்டனர். பின்னதில் நால்வருக்கும் குறைவே. ஸெம்மெல்வைஸ் என்னும் வைத்தியர் இதனை எண்ணி எண்ணி உறக்கம் இழந்தார். 1847-ஆம் ஆண்டில் அவர் நண்பரொருவர், பிணம் அறுக்கும்போது மாணாக்கன் கத்தி பட்டு, அந்நோயின் குறிகளோடேயே இறந்தார். பிணம் அறுத்த கையோடு மாணாக்கர் பிரசவ விடுதிக்குள் வருவதன் பொருள் அப்பொழுது விளங்கிற்று. குளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீரிற் கை கழுவியே உட்புக வேண்டுமென மே மாதத்தில் விதித்தார். ஏப்ரலில் 100-க்கு 18 ஆயிருந்த மரணம் ஜூனில் இரண்டளவாயிற்று.

கிருமிகளின் இயல்பு விளங்காத காலம் அது. தம் கையே எமனாயிற்றென்று ஒப்ப மனமில்லாத கற்றோர் பலர் அவரை இகழ்ந்தனர். 1865-இல், 47-ஆம் வயதில், பித்தர் விடுதியில் அவர் உயிர் நீத்தார். படித்தவர் பிடிவாதம் படியாதவர் பிடிவாதத்தினும் கொடிது போலும்!

உலக சுகாதார ஸ்தாபனம் 2009-இல் ஐந்து சமயங்களை வகுத்தது: நோயாளியைத் தொடுமுன், ஊசி, கட்டு முதலிய தூய செயலுக்கு முன், இரத்தம் முதலியன பட்டபின், நோயாளியைத் தொட்டபின், அவர் கட்டில் முதலியவற்றைத் தொட்டபின். சவுக்காரமும் நீருமாயின் 40 முதல் 60 விநாடி. ஸ்பிரிட்டு கலந்த மருந்தாயின் 20 முதல் 30 விநாடி தேய்த்தல் வேண்டும். அழுக்குக் கண்ணுக்குப் புலப்பட்டால் நீரே வேண்டும். கையுறை அணிந்ததனால் கழுவுதல் ஒழியாது.

நம் பெண்மக்கள் பலர் நர்ஸ் உத்தியோகத்தில் உள்ளனர்; குறையெல்லாம் அவர்மீது ஏற்றுதல் நியாயமன்று. யாம் ஓர் ஆஸ்பத்திரியில் உறவினரைக் காணச் சென்றிருந்தோம். அடுத்த கட்டிற் கட்டவிழ்த்து வந்த நர்ஸம்மாளை எங்கள் பாட்டியார், "கண்ணு, கை கழுவினாயா?" என்று கேட்டுவிட்டார். எமக்குக் கூச்சமாயிற்று. அப்பெண் முகம் சிவந்து, "இத்தனை கட்டிலுக்கும் நான் ஒருத்தி, ஆயா, குழாய் அந்தக் கோடியில்" என்றாள். கட்டிலில் மாட்டியிருந்த மருந்துப் புட்டியும் காலி. எனினும் சென்று கழுவியே வந்தாள்.

மறுநாள் பாட்டியார் ஒரு குடம் நீரும் சவுக்காரமும் கொண்டுவந்து கட்டிலருகே வைத்தார். முதலில் எம் கையிலேதான் ஊற்றினார்.