‘ஸ்டாக் இல்லை’ என்ற பதில்

(செப்டம்பர் 25, உலக மருந்தாளுநர் தினத்தையொட்டி நம் சங்கக் கூடத்தில் நடந்த மாலைச் சந்திப்பில், பணி ஓய்வு பெற்ற பார்மசிஸ்டான பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

போன தடவை காலாவதியான மருந்துகளை என்ன செய்வது என்று பேசினேன். அதற்கு அடுத்த வாரம் லிஃப்டில் வந்த ஒரு அம்மா, “சார், டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை, எனக்கு இது பிடிக்காது, தரமாட்டேன்னு கடைக்காரர் சொல்ல முடியுமா?” என்று கேட்டார். மூன்றாவது மாடியில் நான் இறங்க வேண்டியிருந்ததால் பதில் பாதியில் நின்றுவிட்டது. மீதிதான் இன்றைய பேச்சு.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். 1984-ல் டி.பார்ம். முடித்த கையோடு, திருச்சி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் மருந்துக்கடை வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு சாயங்காலம் இருபது வயசுக்குள் இருக்கிற ஒரு பெண் சீட்டோடு வந்தாள். எழுதியிருந்தது கர்ப்பத்தடை மாத்திரை. கழுத்தைப் பார்த்தேன், தாலி இல்லை. மாத்திரை என் முழங்காலுக்கு நேரே இருந்த டிராயரில் இருந்தது. “ஸ்டாக் இல்லைம்மா” என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் சீட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை அவளுடைய அப்பா வந்தார். முதலாளி கல்லாவில் இருந்தார். சீட்டைப் பார்த்ததும் டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். அப்பா என்னைப் பார்த்து, “நேத்து இல்லைன்னு சொன்னீங்களாமே தம்பி? பத்து நாளா ரத்தப்போக்கு நிக்கலைன்னுதான் டாக்டரம்மா இதை எழுதினாங்க. ராத்திரி பூரா அவ தூங்கலை” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ, நாற்பது வருஷமாகியும் அது காதில் இருக்கிறது.

அந்த மாத்திரை மாதவிலக்குக் கோளாறுக்கும், பிசிஓடி போன்ற பிரச்சினைகளுக்கும் எழுதப்படும் என்று எனக்குத் தெரியும். பாடத்தில் படித்ததுதான். ஆனால் அன்றைக்கு நான் சீட்டைப் படிக்கவில்லை, அந்தப் பெண்ணைப் படித்தேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் நினைத்தபடியே அவள் அதைக் கர்ப்பத்தடைக்காக வாங்க வந்திருந்தாலும், பொய் சொல்லித் திருப்பி அனுப்பும் உரிமை எனக்குக் கிடையாது.

பார்மசிஸ்ட் மறுக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். மறுக்க வேண்டிய நேரங்கள் நிறைய உண்டு. உதாரணத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட். முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு முறை மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரை. தினமும் என்று சீட்டில் இருந்தால் கொடுக்காமல் டாக்டருக்குப் போன் போட வேண்டும், தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. இரண்டு மருந்துகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராதபோதும் நிறுத்திக் கேட்க வேண்டும். இதெல்லாம் நோயாளியின் உடம்புக்காகச் செய்கிற மறுப்பு. நான் அன்றைக்குச் செய்தது என் மனசுக்காக. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், அதுதான் சிக்கல்.

அமெரிக்காவில் இது பெரிய வழக்காகவே போயிருக்கிறது. 2002-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் மெனமனி என்ற ஊரில் ஒரு கல்லூரி மாணவி வழக்கமாக வாங்கும் கர்ப்பத்தடை மாத்திரையை வாங்கப் போனார். அங்கிருந்த பார்மசிஸ்ட் கத்தோலிக்கர், தன் மத நம்பிக்கைப்படி தரமாட்டேன் என்றார். அந்த நாட்டில் சீட்டு நம்மைப் போல வாடிக்கையாளர் கையில் இருக்காது, கடையில்தான் இருக்கும். வேறு கடையில் வாங்க வேண்டுமென்றால் முதல் கடை அந்த விவரத்தை மாற்றிக் கொடுக்க வேண்டும். இவர் அதையும் செய்யவில்லை. மாற்றிக் கொடுத்தால் தானும் அதில் பங்கெடுத்ததாகிவிடும் என்றார். அந்தப் பெண் போலீஸைக் கூட்டிக்கொண்டு வந்தும் நடக்கவில்லை. மாத்திரையைத் தொடங்க வேண்டிய நாள் தவறிப்போயிற்று.

2005-ல் அந்த மாநிலப் பார்மசி வாரியம் அவரைக் கண்டித்தது. 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கண்டிப்பை உறுதி செய்தது. எதற்காக என்பதைக் கவனியுங்கள். அவருடைய நம்பிக்கைக்காக இல்லை. அந்தப் பெண்ணுக்கு மாற்று வழி சொல்லாததற்கும், சீட்டை மாற்றிக் கொடுக்காததற்கும்தான். இனி எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும், எதை எதைச் செய்யமாட்டேன், அப்போது நோயாளிக்கு மருந்து எப்படிக் கிடைக்கும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் நிபந்தனை போட்டது. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது.

வாஷிங்டன் மாநிலம் 2007-ல் இதை விதியாகவே கொண்டு வந்தது. பார்மசிஸ்ட் தனிப்பட்ட முறையில் ஒதுங்கிக்கொள்ளலாம், பக்கத்தில் இருக்கும் இன்னொருவர் எடுத்துக் கொடுத்தால் போதும். ஆனால் கடை மறுக்க முடியாது. ஒலிம்பியா நகரில் மருந்துப் பிரிவும் சேர்ந்த ஒரு மளிகைக்கடைக் குடும்பம் இதை எதிர்த்து வழக்குப் போட்டது. ஐந்து மைலுக்குள் முப்பதுக்கு மேல் மருந்துக்கடைகள் இருக்கும்போது எங்கள் கடையை ஏன் வற்புறுத்துகிறீர்கள் என்றார்கள். நியாயமான கேள்விதான். 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்றது. 2016-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது, மூன்று நீதிபதிகள் மாறுபட்ட கருத்துச் சொன்னார்கள். என் கருத்து இதுதான்: முப்பது கடை இருக்கிற ஊரில் பிழைத்துக்கொள்ளலாம், ஒரே கடை இருக்கிற ஊரில் என்ன செய்வது? பிரிட்டனில் பார்மசிஸ்டுகளை முறைப்படுத்தும் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரமும் இதேதான். வேறு கடைக்குப் போங்கள் என்று கைகாட்டிவிட்டால் எப்போதும் கடமை முடிந்துவிடாது, நோயாளிக்கு மருந்து கிடைப்பது முக்கியம் என்றது.

நம்பிக்கை மட்டும் மருந்தைத் தடுப்பதில்லை, பயமும் தடுக்கும். 2022-ல் கருக்கலைப்பு உரிமை பற்றிய பழைய தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகு, சில மாநிலங்களில் முடக்குவாத நோயாளிகளுக்கே மெத்தோட்ரெக்ஸேட் கிடைப்பது சிரமமானது. அந்த மருந்து கருக்குழாயில் தங்கிய கர்ப்பத்துக்கும் பயன்படும். அதனால் வழக்கு வந்துவிடுமோ என்று கடைகள் தயங்கின. கைவிரலை மடக்க முடியாத பாட்டி கவுன்டரில் நின்று விளக்கம் சொல்ல வேண்டிய நிலை.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். இங்கே யாரும் “என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை” என்று சொல்வதில்லை. நான் 1984-ல் சொன்ன அதே இரண்டு வார்த்தைதான் இன்றும்: “ஸ்டாக் இல்லை.” அவசர கர்ப்பத்தடை மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். 2005 முதல் இந்தியாவில் சீட்டு இல்லாமலே விற்கலாம். தமிழ்நாட்டிலும் சட்டத்தில் தடை இல்லை. ஆனாலும் சென்னையில் பல வருஷமாகப் பல கடைகளில் அது இருக்காது. அது கருவைக் கலைக்கும் மருந்து என்று நினைப்பவர்கள் கடைக்காரர்களிலேயே உண்டு. உண்மையில் அது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. ஏற்கனவே தங்கிய கர்ப்பத்தைக் கலைக்காது. 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. “நாளைக்கு வாங்க” என்பது அந்த மருந்தைப் பொறுத்தவரை மறுப்புதான்.

கருக்கலைப்பு மாத்திரை வேறு விஷயம். அதை டாக்டரின் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும், கணக்கும் காட்ட வேண்டும். இன்ஸ்பெக்‌ஷன் தொல்லை எதற்கு என்று கடைக்காரர் அதை வாங்கியே வைப்பதில்லை. அவரைக் குறை சொல்லவில்லை, அவர் பிழைப்பு அது. ஆனால் உள்ளே இருப்பது நம்பிக்கையா, பயமா, நிஜமாகவே சரக்கு இல்லையா என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாது. மெனமனி மாணவிக்காவது யார், ஏன் மறுத்தார் என்று தெரிந்தது, அதனால் புகார் கொடுக்க முடிந்தது. என்னிடம் வந்த பெண்ணுக்கு அதுகூடத் தெரியாது. பொய்யை எதிர்த்து எங்கே முறையிடுவது?

சரி, நாம் என்ன செய்யலாம்? கடையில் இல்லை என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். எப்போது வரும்? எந்தக் கடையில் கிடைக்கும்? டாக்டரிடம் பேசுகிறீர்களா, நான் பேசட்டுமா? சீட்டைக் கையில் திருப்பி வாங்காமல் வராதீர்கள். அதற்குப் பதில் இது என்று அவர்களே வேறு மருந்து கொடுத்தால் வாங்காதீர்கள், சீட்டு மருந்தை அப்படி மாற்றிக் கொடுக்க விதிகளில் இடமில்லை. டாக்டருக்குப் போன் செய்து, எந்த மருத்துவமனை பார்மசியில் கிடைக்கும் என்று கேளுங்கள்.

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. நம் முன்வாசல் மருந்துக்கடையின் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க வருகிறது. அதில் மூன்று வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்று, மருந்து இல்லை என்றால் உண்மையைச் சொல்லி, எத்தனை மணி நேரத்தில் வரவழைக்க முடியும் என்றும் சொல்ல வேண்டும். இரண்டு, ஒரு ஊழியருக்குக் கொடுக்க விருப்பமில்லை என்றால் இன்னொருவர் கொடுக்க வேண்டும். மூன்று, வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி மருந்தின் பெயரையோ காரணத்தையோ சத்தமாகக் கேட்கக்கூடாது. நம் கடையில் நமக்குப் பின்னால் நிற்பவர் பக்கத்து வீட்டுக்காரர்தானே. அந்தக் கூச்சத்துக்காகவே நம் பிள்ளைகள் நாலு தெரு தள்ளிப் போய் வாங்குகிறார்கள்.

எனக்கும் சாமி நம்பிக்கை உண்டு. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாமல் கடை திறந்ததில்லை. அந்த நம்பிக்கை நான் எதைச் சாப்பிடுவது, எப்படி வாழ்வது என்பதைத் தீர்மானிக்கட்டும். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவரின் ராத்திரித் தூக்கத்தை அது தீர்மானிக்கக் கூடாது. அந்த அப்பாவிடம் அன்றைக்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை, வாய் வரவில்லை. இன்றைக்கு உங்கள் முன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

லிஃப்டில் கேட்ட அம்மா முன் வரிசையில்தான் இருக்கிறார். பதில் முழுசாக வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.